காலைப் பாருங்கள்: தொலைந்த நிலத்து மிருகங்களை எப்படி எடுத்தார்கள், எதில் தொடங்கிப் பார்ப்பது

கேள்வி இது: "ஒரு குழு கப்பலேறி, வரைபடத்தில் இல்லாத தீவுக்கோ பீடபூமிக்கோ போய் டைனோசர்களிடம் மாட்டிக்கொள்ளும் பழைய படங்கள் சிலவற்றைப் பார்த்தேன். ஒன்றில் மிருகம் உண்மையிலேயே மிரட்டுகிறது. இன்னொன்றில் பல்லிக்குக் கொம்பு ஒட்டிவிட்டது போல இருக்கிறது. ஏன் இந்த வேறுபாடு? எப்படி எடுத்தார்கள்? எந்தப் படத்தில் தொடங்குவது, எந்தப் பிரதியைப் பார்ப்பது?"

முதலில் ஒரு வழி சொல்கிறேன். மிருகத்தின் வாயைப் பார்க்காதீர்கள், காலைப் பாருங்கள். கால் தூணைப் போல உடம்புக்குக் கீழே நின்று, ஒவ்வொரு அடியையும் எண்ணி வைப்பதுபோல் நடந்தால் அது ஸ்டாப் மோஷன்: பொம்மையை மயிரிழை நகர்த்தி, ஒரு ஃபிரேம், அதாவது ஃபிலிமில் ஒற்றை அசையாப் படம் பிடித்து, மறுபடி நகர்த்தி எடுத்தது. முழங்கை இரண்டு பக்கமும் விரிந்து, வயிறு தரையில் உரசினால் அது உயிருள்ள உடும்போ இகுவானாவோ முதலையோ. முழங்கால் மனிதனுக்கு மடங்குகிற இடத்தில் மடங்கினால் உள்ளே ஆள் இருக்கிறார். காலே காட்டாமல் புதருக்கு மேலே கழுத்தும் தலையும் மட்டும் ஆடினால் கையை நுழைத்து ஆட்டும் பொம்மை. 1920கள் முதல் 1970கள் வரை வந்த இந்த வகைப் படங்களில் பெரும்பாலானவை இந்த நான்குக்குள் அடங்கும். எந்த முறையைக் கையில் எடுத்தார்கள் என்பது படத்தின் செலவை மட்டுமல்ல, கதையின் நடையையே தீர்மானித்தது.

தொடக்கம் 1925இல் வந்த 'தி லாஸ்ட் வேர்ல்ட்'. ஆர்தர் கோனன் டாயில் 1912இல் எழுதிய நாவல். ஃபர்ஸ்ட் நேஷனல் நிறுவனத்துக்காக ஹாரி ஹாய்ட் இயக்கிய மௌனப் படம். அதன் டைனோசர்களை அசைத்தவர் வில்லிஸ் ஓபிரையன். பொம்மைகளைச் செய்தவர் மார்செல் டெல்காடோ என்ற மெக்சிகோ இளைஞர். மளிகைக் கடையில் வேலை பார்த்துக்கொண்டே லாஸ் ஏஞ்சலஸில் ஓவியப் பள்ளிக்குப் போனவர். ஏறக்குறைய 50 பொம்மைகள் செய்தார். உருவ அமைப்புக்கு அவர்கள் பார்த்துக்கொண்டது சார்லஸ் நைட் அருங்காட்சியகங்களுக்காகத் தீட்டிய ஓவியங்களை. படம் முடியும் முன்பே, 1922 ஜூனில், நியூயார்க்கில் மாயவித்தைக்காரர்கள் சங்கக் கூட்டத்தில் கோனன் டாயில் சோதனைச் சுருளைப் போட்டுக் காட்டினார். எங்கிருந்து வந்தது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் நியூயார்க் டைம்ஸ் வியந்து செய்தி போட்டது. வித்தைக்காரர்களே வாயடைத்து நின்ற வித்தை அது.

டெல்காடோவின் பொம்மை எப்படி இருந்தது என்று தெரிந்தால் மீதி எல்லாம் விளங்கும். நடுவில் உலோகச் சட்டகம். ஒவ்வொரு மூட்டும் ஒரு சிறு குண்டு, அதை இரு பக்கமும் கவ்வும் தகடுகள், அவற்றை இறுக்கும் ஒரு திருகு. திருகு தளர்ந்தால் தலை தானாகத் தொங்கும். அதிகம் இறுகினால் மயிரிழை நகர்த்த நினைத்த கை ஒரு விரற்கடை நகர்ந்துவிடும். இந்த இறுக்கம்தான் முழு வித்தையின் அடிப்படை. சட்டகத்தின் மேல் ஸ்பாஞ்சாலும் பஞ்சாலும் தசை. கால் மடங்கும்போது தொடை புடைக்க வேண்டிய இடத்தில் புடைக்கும்படி வைப்பார்கள். அதன் மேல் லேடெக்ஸ் ரப்பர் தோல். சில பொம்மைகளின் மார்புக்குள் காற்றுப்பை ஒன்றும் இருந்தது. ஃபிரேமுக்கு ஃபிரேம் கொஞ்சம் ஊதி, கொஞ்சம் இறக்கினால் விலா ஏறி இறங்கும். அடிபட்டுச் சாய்ந்து கிடக்கும் மிருகம் மூச்சு வாங்குவதை இந்தப் படத்தில் கவனியுங்கள். நூறாண்டு கழிந்தும் அந்த மூச்சு மனதைத் தொடுகிறது.

பாதம் தரையில் எப்படி நிற்கிறது? மேசைப் பலகையில் துளை போட்டு, அடியிலிருந்து பாதத்தைத் திருகாணியாலோ கவ்வியாலோ பூட்டுவார்கள். அடுத்த அடிக்கு முன்னால் ஒரு பாதத்தை விடுவித்து, காற்றில் சில ஃபிரேம் பிடித்து, புதிய இடத்தில் மறுபடி பூட்டுவார்கள். ஒரு டைனோசர் பனிக்கட்டி மேல் வழுக்குவதுபோல் நடந்தால் இந்தப் பூட்டில் பிசகு என்று அர்த்தம். கணக்கும் பாருங்கள்: பேசும் படத்தில் விநாடிக்கு 24 ஃபிரேம், ஒரு நிமிடத்துக்கு 1,440. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கழுத்து, வால், நான்கு கால், தாடை, கண் எல்லாம் நகர வேண்டும். நாள் முழுக்க உழைத்தால் சில விநாடிகள் தேறும். நடுவில் யாராவது மேசையில் இடித்தால் அன்றைய வேலை போச்சு.

எங்கெல்லாம் கெடும் என்றால், முதல் எதிரி விளக்கு. பல மணி நேரம் எரியும் விளக்கில் ஒரு பல்பு அணைந்து புதியது போட்டால் வெளிச்சம் மாறும். திரையில் அது மின்னலடித்ததுபோல் தெரியும். சூட்டில் லேடெக்ஸ் காய்ந்து வெடிக்கும். அதனால் அவ்வப்போது தோலை உரித்து, திருகுகளை இறுக்கி, மறுபடி போர்த்துவார்கள். உண்மைச் செடி வைத்தால் அதுவும் எதிரி. 'கிங் காங்' படப்பிடிப்பில் குட்டிக் காட்டுக்குள் வைத்த ஒரு செடியில் யாரும் கவனிக்காமல் பூ மெல்ல மலர்ந்துவிட்டது. போட்டுப் பார்த்தால் மிருகம் சில அடி நகர்வதற்குள் மொட்டு பூவாகிறது. மொத்தக் காட்சியையும் மறுபடி எடுத்தார்கள். அதனால்தான் இந்தப் படங்களில் முன்னால் தெரியும் இலைகள் பல நேரம் செயற்கையாகச் செய்தவையாக இருக்கும்.

அடுத்த சிக்கல் மனிதரையும் மிருகத்தையும் ஒரே படச் சட்டத்துக்குள் (ஃபிரேமுக்குள்) கொண்டுவருவது. 1925இல் எளிய வழி: கேமரா முன்னால் கறுப்பு அட்டை வைத்துச் சட்டத்தின் ஒரு பகுதியை மறைப்பது, மறையாத பகுதியில் மனிதரை எடுப்பது, ஃபிலிமைப் பின்னுக்குச் சுற்றி, இப்போது மறுபகுதியை மறைத்துப் பொம்மையை எடுப்பது. இரண்டும் சேரும் கோடு ஒரு பாறை விளிம்பிலோ மரத்திலோ விழும்படி பார்த்துக்கொள்வார்கள். ஃபிலிம் கேமராவுக்குள் துளி ஆடினாலும் அந்தக் கோட்டில் இரண்டு பாதிகளும் தனித்தனியாக நடுங்கும். பார்க்கும்போது பாறை ஓரத்தைக் கவனித்தால் கண்டுபிடித்துவிடலாம். இன்னொரு அடையாளம், அந்தக் கோட்டை மனிதர் யாரும் தாண்டிப் போகவே மாட்டார்.

1933இல் வந்த 'கிங் காங்' இந்தக் கோட்டை அழித்தது. மெரியன் கூப்பரும் எர்னஸ்ட் ஷோட்சாக்கும் ஆர்கேஓ நிறுவனத்துக்காக எடுத்த படம். அசைத்தவர் அதே ஓபிரையன், பொம்மை செய்தவர் அதே டெல்காடோ. காங் என்ற அந்தப் பெருங்குரங்கின் பொம்மை 18 அங்குலம்தான். தீவில் அது 18 அடி உயரம் என்று கணக்கு, அதாவது ஓர் அங்குலம் ஓர் அடிக்குச் சமம். நியூயார்க் கட்டடங்களுக்கு நடுவே அது சிறுத்துத் தெரிகிறது என்று கூப்பர் நினைத்ததால் அங்கே 24 அடியாக்கினார்கள். மிருகத்தின் அளவு காட்சிக்குக் காட்சி மாறுவதாக உங்களுக்குத் தோன்றியிருந்தால் அது சரியான கணிப்பு. நெருக்கக் காட்சிகளுக்கு முழு அளவில் தலையும் தோளும் செய்து, கரடித் தோல் போர்த்தி, உள்ளே 3 பேர் இருந்து கண்ணையும் வாயையும் இயக்கினார்கள். நாயகி ஃபே ரே உட்கார்ந்திருக்கும் கை தனியாகச் செய்த இன்னொரு பெரிய கருவி.

இங்கே வந்த புதுமை, குட்டிக் காட்டுக்குள் ஒரு குட்டித் திரையை ஒளித்து வைத்தது. நடிகரை முன்பே படம் பிடித்து, அந்தத் திரையில் பின்னாலிருந்து ஒரு ஃபிரேம் விழவைத்து, பொம்மையை நகர்த்தி, இரண்டையும் சேர்த்து ஒரு ஃபிரேம் எடுத்து, பிறகு அடுத்த ஃபிரேம். நேர்மாறாக, நடிகருக்குப் பின்னால் பெரிய திரை கட்டி அதில் டைனோசரை ஓடவிட்டதும் உண்டு. அதற்காக சிட்னி சாண்டர்ஸ் என்பவர் செல்லுலோஸ் அசிட்டேட்டில் புதுத் திரை உருவாக்கினார். பழைய கண்ணாடித் திரை போல உடையாது, நடுவில் பளீரென்று பொட்டாகவும் தெரியாது. இவற்றுக்கு முன்னும் நடுவிலும் பின்னும் கண்ணாடியில் தீட்டிய மரங்கள், கொடிகள், மூடுபனி. மேரியோ லாரினாகாவும் பைரன் க்ராப்பும் தீட்டியவை. அந்தக் காட்டுக்கு ஆழம் கொடுத்தது இந்த அடுக்குகள்தான். 'தீவு எவ்வளவு பெரியதாக இருக்கிறது' என்று நினைத்துக்கொண்டு நீங்கள் பார்ப்பது மேசை மேல் சில அடி தூரம்.

காங்கின் ரோமம் சிலிர்த்துக்கொண்டே இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். முயல் ரோமம் அது. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஓபிரையனின் விரல் பட்டு, ரோமம் வேறு வேறு திசையில் படிந்தது. தொழில் கணக்கில் தவறு. திரையில் அது கோபத்தில் மயிர்க்கூச்செறிவதாக ஆகிவிட்டது. குரலுக்கு, படத்தின் ஒலி அமைத்த மர்ரே ஸ்பிவாக் சிங்கத்தின் கர்ஜனையையும் புலியின் உறுமலையும் எடுத்து, வேகத்தைக் குறைத்து, ஒன்றைத் திருப்பிப் போட்டுக் கலந்தார். உண்மை மிருகத்தின் கர்ஜனை சில விநாடிகளில் முடிந்துவிடும். காங் அதைவிட நீளமாக வாய் திறந்திருந்ததால் ஒலியை இழுத்து ஒட்ட வேண்டியிருந்தது.

இத்தனை கருவியும் இருந்து, உயிர் எங்கிருந்து வந்தது? ஓபிரையன் மிருகங்களுக்குத் தேவையில்லாத வேலைகளைக் கொடுத்தார். டைரனோசர் காட்டிலிருந்து வெளிப்படுகிறது. பாய்வதற்கு முன்னால் சாவகாசமாகத் தலையைச் சொறிந்துகொள்கிறது. கதைக்கு அது எந்த விதத்திலும் தேவையில்லை. ஆனால் அந்த நொடியில் நம் மனம், இது நமக்காக வந்து நிற்கும் பொம்மை அல்ல, தன் பாட்டுக்கு வாழும் பிராணி என்று ஏற்றுக்கொள்கிறது. சண்டை முடிந்ததும் காங் செத்த எதிரியின் தாடையைத் தூக்கித் திறந்து, விட்டு, மறுபடி திறந்து ஆட்டிப் பார்க்கிறது. குழந்தை உடைந்த பொம்மையை ஆட்டுவது போல. இந்த வகைப் படங்களை எடைபோட எனக்குத் தெரிந்த ஒரே உரைகல் இதுதான்: யாரையும் கடிக்காத நேரத்தில் அந்த மிருகம் என்ன செய்கிறது? ஒன்றும் செய்யவில்லை என்றால் அந்த நிலத்தில் யாருமே வாழவில்லை.

கதைகளுக்கு வித்தும் வெறும் கற்பனையல்ல. வெனிசுலா, கயானா, பிரேசில் மூன்றும் சந்திக்கும் இடத்தில் ரொரைமா என்ற மலை இருக்கிறது. 2,810 மீட்டர், சுற்றிலும் செங்குத்துச் சுவர், மேலே தட்டையான மேசை. 1884இல் எவரார்ட் இம் தர்ன் மேலே ஏறும்வரை அங்கே என்ன இருக்கிறது என்று வெளியுலகுக்குத் தெரியாது. கீழிருந்து பிரிந்துபோன மேட்டுநிலத்தில் பழைய உயிர்கள் தப்பிப் பிழைத்திருக்கலாமே என்ற எண்ணம் அங்கிருந்து வளர்ந்தது. காங்கின் தீவுக்குப் பின்னால் டக்ளஸ் பர்டன் 1926இல் கொமோடோ தீவுக்குப் போன பயணம் இருக்கிறது. அவர் இரண்டு கொமோடோ உடும்புகளை உயிரோடு நியூயார்க் விலங்குக் காட்சிச்சாலைக்குக் கொண்டுவந்தார். அவை அதிக நாள் தாங்கவில்லை. தன் தீவிலிருந்து பெயர்த்துவரப்பட்ட மிருகம் நகரத்தில் சாவது என்ற முடிவு கூப்பருக்குக் கிடைத்த இடம் அது. 1957இல் வந்த 'தி லேண்ட் அன்நோன்' அண்டார்டிகாவில் நடக்கிறது. 1946–47இல் அமெரிக்கக் கடற்படை அங்கே நடத்திய பெரிய பயணத்தில் பனியில்லாத ஏரிகளும் வெற்றுப் பாறையும் கொண்ட ஒரு பகுதியைக் கண்டார்கள். பத்திரிகைகள் அதைப் பனிக்குள் பசுஞ்சோலையாக்கின. சினிமா அதில் டைரனோசரை விட்டது.

இனி பல்லிகள். 1940இல் ஹால் ரோச் எடுத்த 'ஒன் மில்லியன் பி.சி.' படத்தில் குட்டி முதலையின் முதுகில் விசிறி ஒட்டி, பெரும்பல்லியோடு மோதவிட்டார்கள். அந்தத் துண்டுகள் பிறகு ஏராளமான மலிவுப் படங்களில் ஒட்டுத்துணியாக வந்தன. வேறு படம் பார்த்துக்கொண்டிருக்கும்போது சம்பந்தமில்லாமல் முதுகு விசிறி முதலை தென்பட்டால் அது அநேகமாக இங்கிருந்து வந்தது. 1960இல் இர்வின் ஆலன் 'தி லாஸ்ட் வேர்ல்ட்' கதையை வண்ணத்தில் மறுபடி எடுத்தபோது ஓபிரையனைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டு, செலவு தாங்காதென்று பல்லிகளையே ஓடவிட்டார். ஓபிரையன் இரண்டே ஆண்டில், 1962இல், இறந்தார். இதை நினைக்கும்போது இன்றும் வருத்தமாக இருக்கிறது.

பல்லி முறை ஏன் தோற்கிறது? கால் அமைப்பு ஒன்று: டைனோசருக்குக் கால் உடம்புக்கு நேர் கீழே, பல்லிக்குப் பக்கவாட்டில். அடுத்தது, பல்லி சொன்னபடி கேட்காது. குளிரில் அசையாது, விளக்குச் சூட்டில் ஓடும், இல்லையென்றால் சோர்ந்து விழும். நாக்கு நொடிக்கொருதரம் வெளியே வந்து இன்னார் என்று காட்டிக்கொடுக்கும். இதற்கு மேல் அந்தப் பிராணிகளைச் சண்டை மூட்டிவிட்டு எடுத்தது கொடுமை. 1940 படத்தின் அந்தச் சண்டையை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

பல்லியானாலும் உடை போட்ட ஆளானாலும் கனத்தைக் காட்ட கேமரா வேகத்தைக் கூட்டி எடுத்து, சாதாரண வேகத்தில் ஓட்டுவார்கள். கணக்கு எளிது: எத்தனை மடங்கு சிறியதோ அதன் வர்க்கமூலம் எவ்வளவோ அத்தனை மடங்கு வேகம். உண்மையில் பதினாறில் ஒரு பங்கு அளவு என்றால் 4 மடங்கு, அதாவது விநாடிக்கு 96 ஃபிரேம். அப்போதுதான் விழும் கல் பெரிய கல்லைப் போல விழும். ஆனால் தண்ணீர் இந்தக் கணக்குக்கு அடங்காது. துளியின் பருமனைக் குறைக்க முடியாது. எவ்வளவு பெரிய கடல் மிருகம் எழுந்தாலும் அதன் மேலிருந்து சொட்டும் துளி மிருகத்தின் கண் அளவுக்கு இருந்தால் தொட்டியின் அளவு தெரிந்துவிடும். தீச்சுவாலையும் அப்படியே.

'தி லேண்ட் அன்நோன்' பயிற்சிக்கு நல்ல படம். டைரனோசர் உடை போட்ட ஆள், ஏரி மிருகம் இயந்திரம், சண்டையிடும் ஜோடி உடும்புகள்; ஒரே படத்தில் மூன்று முறை. நான் சொன்ன கால் சோதனையை அதில் போட்டுப் பாருங்கள். கைப்பொம்மைக்கு 1970களின் 'தி லேண்ட் தட் டைம் ஃபர்காட்'. நீர்மூழ்கிக் கப்பலில் போகும் முதல் பகுதி அருமையாக இருக்கும். ரோஜர் டிக்கனின் பொம்மைகளும் அழகுதான், ஆனால் இடுப்புக்குக் கீழே அதிகம் காட்ட மாட்டார்கள். பறக்கும் மிருகத்துக்குச் சிறகே அசையாது, கம்பியில் தொங்கிக்கொண்டு வரும்.

இந்தப் படங்களில் மிருகம் வரத் தாமதமாவதற்கும் இதுதான் காரணம். மிருகம் திரையில் நிற்கும் ஒவ்வொரு விநாடிக்கும் பணம். அதனால் கப்பல், மூடுபனி, மாலுமிகளின் பேச்சு என்று இழுப்பார்கள். காங் தலைகாட்டப் படம் தொடங்கி முக்கால் மணி நேரம் ஆகிறது; அங்கே அந்தக் காத்திருப்பு பயத்தை வளர்க்கிறது. 1951இல் லிப்பர்ட் நிறுவனம் எடுத்த 'லாஸ்ட் கான்டினென்ட்' படத்தில் பாறை ஏறுகிறார்கள், ஏறுகிறார்கள், ஏறிக்கொண்டே இருக்கிறார்கள். அங்கே அது நேரத்தை நிரப்புகிறது. உச்சியை அடைந்ததும் படம் முழுக்கப் பச்சைச் சாயத்துக்கு மாறும். மலிவான உத்தி. ஆனால் வேறு உலகுக்குள் வந்துவிட்டோம் என்பது சட்டென்று உறைக்கும்.

நீங்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய, பலர் தவறவிடும் ஒன்று 1955இல் செக்கோஸ்லோவாகியாவில் கரெல் ஸெமான் எடுத்த 'செஸ்தா தோ பிராவெகு' (ஆதிகாலத்துக்கு ஒரு பயணம்). நான்கு சிறுவர்கள் ஒரு படகில் ஆற்றில் போகிறார்கள். போகப் போகக் காலம் பின்னோக்கிப் போகிறது. பனியுகத்து மாமத யானை, பிறகு பழைய பாலூட்டிகள், பிறகு டைனோசர்கள், நிலக்கரிக் காலத்துச் சதுப்புக்காடு, கடைசியில் உயிர் கரையேறாத ஆதிக் கடல். தொல்லுயிர் அறிஞர் யோசெஃப் அவுகுஸ்தா ஆலோசகர்; ஸ்டெனெக் புரியானின் ஓவியங்கள் முன்மாதிரி. செத்துக் கிடக்கும் ஸ்டெகோசரை அந்தச் சிறுவர்கள் கிட்டே போய் அளந்து பார்க்கிறார்கள். துப்பாக்கி இல்லை, மிருகத்தைப் பிடித்துவரும் பேராசை இல்லை, குறிப்பேடும் அளவுகோலும்தான். இந்த வகையிலேயே அறிவியலுக்கு மிக நேர்மையான படம் என்று சொல்வேன். மற்ற படங்களில் மனிதனும் டைனோசரும் கூடவே திரிவார்கள், நடுவில் 6.5 கோடி ஆண்டு இடைவெளி உண்டு. காங் படத்தில் தழை தின்னும் பிரான்டோசர் மாலுமிகளைக் கடித்துக் குதறுகிறது. வாலைத் தரையில் இழுத்து நடப்பது மட்டும் அவர்கள் தவறல்ல. அந்தக் காலத்து அருங்காட்சியகமே அப்படித்தான் நிறுத்தியிருந்தது.

சிறுவனாகக் 'கிங் காங்' பார்த்து இந்தத் தொழிலுக்கு வந்தவர் ரே ஹாரிஹவுசன். அவர் வேலையின் உச்சமாக நான் நினைப்பது 1969இல் வந்த 'தி வேலி ஆஃப் க்வாஞ்சி'. ஓபிரையன் பல ஆண்டுகளுக்கு முன் கனவு கண்டு எடுக்க முடியாமல் விட்ட கதை; சீடர் எடுத்து முடித்தார். குதிரை வீரர்கள் ஓர் அலோசருக்கு, அதாவது இரண்டு காலில் நடக்கும் ஊன்தின்னி டைனோசருக்கு, சுருக்குக் கயிறு வீசுகிறார்கள். ஸ்பெயினில் படப்பிடிப்பு நடந்தபோது அவர்கள் கயிறு போட்டது, நெட்டுக்குத்தாகக் கம்பம் நட்ட ஒரு ஜீப்பின் மேல். அதனால் குதிரைகள் உண்மையாகவே முட்டி இழுக்கின்றன, கயிறு உண்மையாகவே விறைக்கிறது. பிறகு ஸ்டுடியோவில் அந்தப் படத்தைப் பின்திரையில் ஒவ்வொரு ஃபிரேமாக நிறுத்தி, ஜீப் மறையும் இடத்தில் பொம்மையை வைத்து, பொம்மையின் கழுத்தில் மெல்லிய கம்பியைக் கட்டி, அதன் முனையும் திரையில் தெரியும் உண்மைக் கயிறும் ஒரே கோட்டில் சேரும்படி ஒவ்வொரு ஃபிரேமுக்கும் சரிசெய்தார். நான்கைந்து கயிறுகளுக்கு, ஆயிரக்கணக்கான ஃபிரேம்களுக்கு. கயிறு சேரும் இடத்தை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்.

ஹாரிஹவுசன் முறையில் மிருகம் முன்புறத்துக்கும் பின்புறத்துக்கும் நடுவே செருகப்படுகிறது. முதல் ஓட்டத்தில் கேமராவுக்கு முன்னால் கண்ணாடி வைத்து, மேசை விளிம்புக்குக் கீழே உள்ள பகுதியைக் கறுப்பால் மறைத்து, பின்திரையையும் பொம்மையையும் எடுப்பார். ஃபிலிமைச் சுற்றி, அந்தக் கீழ்ப்பகுதியை மட்டும் திறந்து, அதே பின்திரைப் படத்தை மறுபடி எடுப்பார். இப்போது மிருகம் தரைக்குப் பின்னாலும் மலைக்கு முன்னாலும் நிற்கும். இதன் விலை: படத்தைப் படமெடுப்பதால் மணல் தூவியதுபோல் பொரி பொரியாகும், வண்ணம் மங்கும். திடீரென்று காட்சி சொரசொரப்பானால் மிருகம் வரப்போகிறது என்று அர்த்தம். க்வாஞ்சியின் தோல் ஒரு காட்சியில் பழுப்பாகவும் இன்னொன்றில் ஊதாவாகவும் தெரிவது அந்தப் படத்தின் அறியப்பட்ட குறை. கதைக்கு அதில் பங்கில்லை.

மனதைத் தயார்படுத்திக்கொண்டு பார்க்க வேண்டிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 1925 படத்தில் ஒரு வெள்ளை நடிகர் முகத்தில் கரி பூசிக் கறுப்பின வேலைக்காரராக வருகிறார். காங்கின் தீவு மக்களுக்கு முரசும் பலியும் தவிர வேறு வாழ்க்கையே கொடுக்கவில்லை. தொலைந்த நிலம் என்பது யாருக்குத் தொலைந்தது? அங்கேயே இருப்பவர்களுக்கு அது வீடு. குழந்தைகளோடு பார்த்தால் இதைப் பேசிவிட்டுப் பாருங்கள்.

பிரதிகள் பற்றி. 'தி லாஸ்ட் வேர்ல்ட்' பிரதிகளை 1920களின் இறுதியில் திரும்பப் பெற்று அழித்துவிட்டார்கள். வீட்டில் பார்க்க விற்ற சுருக்கப் பதிப்பு மட்டும் மிஞ்சியது. அதனால் ஒரு மணி நேரத்தில் முடியும் பிரதிகள்தான் அதிகம் சுற்றுகின்றன. பிறகு செக்கோஸ்லோவாகியாவிலும் பிற இடங்களிலும் கிடைத்த சுருள்களைச் சேர்த்து, ஏறக்குறைய 100 நிமிடத்துக்கு மீட்டெடுத்த பதிப்பு வந்திருக்கிறது. அதையே தேடுங்கள். மௌனப் படத்தை 24 ஃபிரேம் வேகத்தில் ஓட்டிய பிரதி என்றால் டைனோசர்கள் எலிபோல ஓடும், தள்ளிவிடுங்கள். 'கிங் காங்' 1938இல் மறுவெளியீட்டுக்காக வெட்டப்பட்டது. காங் மனிதரை வாயில் கவ்வுவதும், நாயகி என்று நினைத்து வேறொரு பெண்ணை எடுத்து உயரத்திலிருந்து கீழே விடுவதும் இல்லாவிட்டால் அது வெட்டிய பிரதி. முழுப்படம் 100 நிமிடம். வண்ணம் பூசியது வேண்டாம். 'தி லேண்ட் அன்நோன்' அகலத் திரைப் படம். சதுரமாக வெட்டிய பிரதியில் மிருகத்தின் வால் ஒரு காட்சியில், தலை இன்னொரு காட்சியில் இருக்கும். பச்சைச் சாயம் இல்லாத 'லாஸ்ட் கான்டினென்ட்' பிரதியும் உண்டு, அதையும் தவிர்க்கவும்.

மிக முக்கியமாக, டிவியில் அசைவை வழுவழுப்பாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். அது இரண்டு ஃபிரேமுக்கு நடுவே இல்லாத ஒன்றைத் தானாக வரைந்து செருகும். ஓபிரையன் விரலால் வைத்த நடுக்கம் எண்ணெயில் மிதப்பதுபோல் ஆகிவிடும். அந்த லேசான துள்ளல்தான் ஸ்டாப் மோஷனின் உயிர். பொம்மை ஒவ்வொரு ஃபிரேமிலும் அசையாமல் நிற்பதால் ஓடும் காலில் கூட மங்கல் இருக்காது, விளிம்பு கூர்மையாகத் தெரியும்.

வரிசை கேட்டீர்கள். முதலில் 'கிங் காங்'. பிறகு பின்னோக்கி 1925. அடுத்து ஸெமான், அதற்கடுத்து க்வாஞ்சி. இந்த நான்கும் கண்ணைப் பழக்கிவிடும். அதற்குப் பிறகு பல்லிப் படங்களையும் உடைப் படங்களையும் பார்த்தால் குறையும் தெரியும், அவற்றில் இருக்கும் சின்னச் சின்ன நல்லதும் தெரியும்.

கடைசியாக, நம் ஊரில் எடுத்த ஒன்று. 'லாஸ்ட் கான்டினென்ட்' எடுத்த அதே லிப்பர்ட் நிறுவனம், அதில் நடித்த அதே சீசர் ரொமேரோவோடு, மறு ஆண்டே சேலம் மாடர்ன் தியேட்டர்ஸோடு கைகோத்தது. டி.ஆர்.சுந்தரம் கூட்டுத் தயாரிப்பு, வில்லியம் பெர்க் இயக்கம், ராட் கேமரனும் மரி விண்ட்ஸரும் உடன் நடித்தார்கள். ஆங்கிலத்தில் 'தி ஜங்கிள்', தமிழில் 'காடு', 1952. இந்தியக் காட்டுக்குள் போகும் குழு அழிந்துபோன மாமத யானைகளைச் சந்திக்கிறது. பொம்மையும் இல்லை, பல்லியும் இல்லை. உண்மை யானைகளுக்கே சடை ரோமம் போர்த்தி நிறுத்தினார்கள். ரோமம் ஒட்டியது என்பது பார்த்ததும் தெரியும். ஆனால் இந்த ஒரு படத்தில் கால் பொய் சொல்லவில்லை. யானையின் பாதம் தரையில் பதிந்து, லேசாக விரிந்து, கனம் இறங்கிய பிறகே அடுத்த கால் எழுகிறது.